தோட்டத்துப் பட்டணத்து அலமாரிக்கு: கொலை, பாட்டு, சினிமா

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்களை ஒட்டி வளர்ந்த ஊரில் தமிழ்ப் புத்தகம் வாங்குவது பெரும்பாலும் கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குகிற கதைதான். கடைகளில் பஞ்சாங்கமும் பள்ளிப் பயிற்சி நூலும் கந்த சஷ்டி கவசமும் தொங்கும். நாவல் வேண்டுமென்றால் ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போகவேண்டும். இல்லையென்றால் கைப்பேசியில் அட்டைப் படத்தைப் பார்த்துப் பணம் கட்டவேண்டும். பத்துப் பக்கம் புரட்டிப் பார்த்து வாங்குகிற வசதி குறைவு. அதனால் இந்தப் பதிவில் பெயர்களுக்கு ஈடாக, வாங்குமுன் எதைக் கவனிப்பது என்பதற்கும் இடம் கொடுத்திருக்கிறேன். துப்பறியும் நாவலோ பாட்டுப் புத்தகமோ சினிமாப் புத்தகமோ, மூன்றுக்கும் சோதனை ஒன்றுதான்: எழுதியவர் தடயம் காட்டுகிறாரா, வாயால் மட்டும் சொல்கிறாரா?

கொலையிலிருந்து தொடங்கலாம். புதிதாக வந்த குற்ற நாவலின் மாதிரிப் பக்கங்கள் இணையத்தில் கிடைத்தால் முதலில் சட்டத்தைத் தேடுங்கள். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் கொலைக்குத் தண்டனை சொல்வது 103ஆம் பிரிவு, பழையதில் 302. அந்தத் தேதிக்குப் பிறகு சென்னையில் நடக்கும் கொலைக்கு இன்ஸ்பெக்டர் "த்ரீ நாட் டூ போடு" என்று சொன்னால், எழுத்தாளர் பழைய சினிமா பார்த்து எழுதியிருக்கிறார் என்று பொருள். குற்றம் அதற்கு முன்பே நடந்திருந்தால் 302 சரிதான். அந்த வித்தியாசம் தெரிந்து எழுதுகிறவரை நம்பலாம். நம் நாட்டுக் கதை என்றால் 302 இன்றும் 302தான். ஆனால் தண்டனை மாறிவிட்டது. 2023 ஜூலை 4 முதல் கொலைக்குக் கட்டாயத் தூக்கு இல்லை. தூக்கா, 30 முதல் 40 ஆண்டு சிறையா என்று நீதிபதி தீர்மானிக்கலாம். "நிரூபித்தால் கயிறு நிச்சயம்" என்ற ஒற்றை நூலில் தொங்கும் கதை அந்தத் தேதிக்குப் பிறகு நடப்பதாக எழுதப்பட்டிருந்தால் அதன் முடிச்சு அங்கேயே அவிழ்ந்துவிடுகிறது. அதேபோல 1995 ஜனவரி 1 முதல் மலேசியாவில் ஜூரி விசாரணை கிடையாது. 2010இல் கோலாலம்பூர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் ஜூரிகளைப் பார்த்துக் கண்ணீர் விட்டால் புத்தகத்தை மூடிவிடலாம்.

தோட்டத்துக் கதைகளுக்கு இன்னொரு சோதனை உண்டு: விஷம். களைக்கொல்லியைக் குடித்தவன் அடுத்த வரியிலேயே நுரை தள்ளிச் செத்தான் என்று எழுதுவது நம் எழுத்தாளர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி அப்படிக் கொல்வதில்லை. பல நேரம் நாள்கணக்கில் இழுக்கும், நுரையீரலைக் கெடுத்துக் கொல்லும். அந்த இடைவெளியில்தான் உண்மையான கதை இருக்கிறது. ஆள் பேசுவார், சாட்சி சொல்வார், மனம் மாறுவார். தெரிந்த எழுத்தாளர் அந்த நாள்களை விடமாட்டார். தவிர, மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் பாராகுவாட்டுக்குத் தடை. அதற்குப் பிந்திய கதையில் அது ஸ்டோர் ரூமில் இருந்தால் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்கவேண்டும். யாரும் கேட்கவில்லையென்றால் துப்பறிகிறவர் தூங்குகிறார். குளோரோபார்ம் கைக்குட்டையும் இதே ரகம். முகர்ந்த நொடியில் மயங்கி விழ அது மந்திரத் தைலம் அல்ல, சில நிமிடம் பிடிக்கும். மாத நாவல்களில் இதை எண்ண ஆரம்பித்தால் விரல் போதாது.

இனி பெயர்கள். நம் மண்ணோடு ஒட்டிய சமீபத்திய நாவலில் முதலில் வாங்கவேண்டியது, மலேசிய எழுத்தாளர் தான் துவான் எங் 2023இல் எழுதிய 'தி ஹவுஸ் ஆஃப் டோர்ஸ்'. ஆங்கிலம்தான், ஆனால் கடினமில்லை. அதன் உள்ளே இருப்பது உண்மையான வழக்கு. 1911 ஏப்ரல் 23, ஞாயிறு இரவு, கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் தலைமையாசிரியர் பங்களாவில் அவருடைய மனைவி எதெல் புரவுட்லாக், வில்லியம் ஸ்டூவர்ட் என்ற சுரங்க மேலாளரைச் சுட்டுக் கொன்றார். தன்னைப் பலாத்காரம் செய்ய வந்தார் என்பது அவர் வாக்குமூலம். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, சிலாங்கூர் சுல்தானின் மன்னிப்பில் வெளியே வந்தார். ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் அந்த வழக்கை எடுத்து 'தி லெட்டர்' என்ற கதையாக்கினார். அது 1926இல் வந்த தொகுப்பில் இருக்கிறது. தான் துவான் எங், 1921இல் பினாங்குக்கு வந்து தங்கும் மாமையே ஒரு பாத்திரமாக்கி, அவர் காதில் அந்தக் கதை எப்படி விழுந்திருக்கும் என்று எழுதுகிறார்.

இரண்டையும் சேர்த்து வாங்குங்கள், மாமின் சிறுகதையை முதலில் படியுங்கள். ஒரு விஷயத்தைக் கவனித்தால் ருசி கூடும். உண்மை வழக்கு நடந்த கோலாலம்பூரில் ஜூரி இல்லை. நீதிபதியும், அவரோடு அமர்ந்து கருத்துச் சொல்லும் இரண்டு அசெஸர்களும்தான் விசாரித்தார்கள். மாம் விசாரணையைச் சிங்கப்பூருக்கு மாற்றினார். அங்கே ஜூரி உண்டு. பள்ளிக்கூடத்து பங்களாவை ரப்பர்த் தோட்டத்து பங்களாவாக மாற்றினார், தலைமையாசிரியர் மனைவியைத் தோட்டத் துரையின் மனைவியாக்கினார். சுற்றிலும் இருட்டு, கூப்பிடு தூரத்தில் வெள்ளைக்காரர் வீடு இல்லை. இடத்தை மாற்றியதாலேயே கதை இறுகியது. கதைக்குப் பெயர் தந்த கடிதத்தின் விலை 10,000 டாலர். பேரம் பேசுகிறவர் வழக்கறிஞரின் சீனக் குமாஸ்தா. குரலை ஒருமுறைகூட உயர்த்தாமல் அவர் பேசுகிற அந்தப் பேரத்துக்காகவே படிக்கலாம். ஒரு குறையையும் சொல்லவேண்டும். தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்த தமிழனின் கண்ணில் இந்தக் கொலை எப்படித் தெரிந்திருக்கும் என்பது மாமுக்குத் தோன்றவே இல்லை. அதை எழுத இன்னும் இடம் காலியாகத்தான் இருக்கிறது.

அடுத்து யாங்ஸீ சூவின் 'தி நைட் டைகர்' (2019). 1931, ஈப்போவும் பத்து காஜாவும். இறந்த எஜமானரின் வெட்டுண்ட விரலைத் தேடி 49 நாளுக்குள் உடலோடு சேர்க்கவேண்டிய வீட்டு வேலைக்காரச் சிறுவன் ஒருபக்கம், நடனக் கூடத்தில் வேலை செய்யும் பெண் ஒருபக்கம். இதைச் சுத்தமான துப்பறியும் நாவல் என்று நினைத்து வாங்கினால் ஏமாறுவீர்கள். புலியாக மாறும் மனிதன், கனவு, ஆவி எல்லாம் உண்டு. ஆனால் பேராவில் இருப்பவர்களுக்குத் தெரிந்த ஊர்கள் என்பதால் பக்கம் வேகமாக ஓடும். ஷாமினி ஃப்ளிண்ட்டின் இன்ஸ்பெக்டர் சிங் வரிசை இன்னும் லேசானது. முதல் புத்தகத்தில் (2009) சிங்கப்பூர் சீக்கிய அதிகாரியைக் கோலாலம்பூருக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஷரியா நீதிமன்றமும் சிவில் நீதிமன்றமும் இடிபடும் இடத்தில் கதை நிற்கிறது. ரயிலில் படிக்க ஏற்றது. இந்தியச் சரித்திரப் பின்னணி வேண்டுமென்றால் வஸீம் கானின் 'மிட்நைட் அட் மலபார் ஹவுஸ்' (2020) போதும். பம்பாயின் பெண் இன்ஸ்பெக்டர் பெர்சிஸ் வாடியா அறிமுகமாகும் கதை, 2021இல் சரித்திரக் குற்ற நாவலுக்கான டாகர் விருது பெற்றது.

தமிழில் மலேசியாவின் அடிவயிற்றைப் பார்க்கவேண்டுமென்றால் ம. நவீனின் 'சிகண்டி' (2021). சௌக்கிட் பகுதி, குண்டர் கும்பல், திருநங்கைகள். யார் கொன்றார் என்ற கேள்வி இதில் முக்கியமில்லை. கொல்லும் உலகம் எப்படி இயங்குகிறது என்பதுதான் விஷயம். வீட்டில் பத்து வயதுப் பிள்ளை எட்டும் உயரத்தில் வைக்காதீர்கள். தமிழ்நாட்டுப் பக்கம், க. சுதாகரின் '6174' (2012) கணக்குப் பிடித்தவர்களுக்கு. தலைப்பிலுள்ள எண் கப்ரேகர் மாறிலி. நான்கு இலக்க எண் ஒன்றை எடுங்கள், நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக்கூடாது. இலக்கங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கி, அதிலிருந்து சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கியதைக் கழியுங்கள். வந்த விடையை மறுபடி அப்படியே செய்யுங்கள். அதிகபட்சம் ஏழு தடவைக்குள் 6174 வந்து நிற்கும். 2024ஐ வைத்துச் செய்தால் 4220 கழித்தல் 0224, விடை 3996. அதற்கு மேல் நீங்களே போடுங்கள்.

பழைய சரக்கையும் ஒதுக்கவேண்டாம். ஆனால் எப்படி அச்சானது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். சுஜாதாவின் கணேஷ்–வசந்த் கதைகளில் பல, வாரத் தொடராக வந்தவை. ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் ஒரு திடுக்கிடல் வைத்தே தீரவேண்டும். ஒரே மூச்சில் படித்தால் அந்தத் திடுக்கிடல்கள் செயற்கையாகத் தெரியும். ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம் என்று படித்தால் எழுதிய வேகம் புரியும். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் மாத நாவல்கள் வேறு மாதிரி. பக்க எண்ணிக்கை முன்கூட்டியே முடிவானது. அதனால்தான் முக்கால்வாசிப் புத்தகம் நிதானமாக நடந்துவிட்டு, கடைசி நான்கு பக்கத்தில் ராஜேஷ்குமாரின் துப்பறிவாளர் விவேக் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் விளக்குகிறார். இவற்றைத் தனித்தனி மெல்லிய புத்தகமாக வாங்காமல் தொகுப்பாக வாங்குவது நல்லது. ஆனால் ஒரு எச்சரிக்கை: ஒரே நாவல் இரண்டு தொகுப்பில், சில நேரம் வேறு தலைப்பில்கூட வரும். பொருளடக்கத்தைக் கடைக்காரரிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுக்கிற கடையில் வாங்கவேண்டாம்.

சுங்கை சிப்புட்காரர்களுக்கு நிஜக் குற்ற வரலாற்றை வெளியூரிலிருந்து இறக்குமதி செய்யவேண்டிய தேவையே இல்லை. 1948 ஜூன் 16 காலை எல்பில் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை ஆர்தர் வாக்கரும், சற்று நேரத்தில் இன்னொரு தோட்டத்தில் ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக, 1960 வரை நீண்ட அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. நோயல் பார்பரின் 'தி வார் ஆஃப் தி ரன்னிங் டாக்ஸ்' (1971) வேகமான கதைசொல்லல். ஆனால் அது துரைமார் பக்கத்துக் கண். அதற்கு ஈடாக லியோன் கோம்பரின் 'மலாயாஸ் சீக்ரெட் போலீஸ்' (2008) படியுங்கள். போலீஸின் உளவுப் பிரிவான ஸ்பெஷல் பிராஞ்ச் தகவல் எப்படித் திரட்டியது, சரணடைந்த கெரில்லாக்களை எப்படிப் பயன்படுத்தியது என்று ஆவணத்தோடு சொல்கிறது. வறட்சியான நடைதான். துப்பறியும் நாவல் எழுத நினைப்பவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள புத்தகம் இந்தப் பட்டியலில் இல்லை.

கொலை, பாட்டு, சினிமா மூன்றும் ஒரே முடிச்சில் கிடக்கும் இடம் லட்சுமிகாந்தன் வழக்கு. சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதிப் பிழைத்த 'இந்து நேசன்' பத்திரிகைக்காரர் 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். பாகவதரின் 'ஹரிதாஸ்' அந்த ஆண்டு தீபாவளிக்குத்தான் வெளியாகியிருந்தது. படம் மூன்று தீபாவளி கண்டது, நாயகன் சிறையில் இருந்தார். இந்த வழக்கைப் பற்றிப் புத்தகமோ கட்டுரையோ வாங்கும்போது ஒரே ஒரு இடத்தைச் சோதியுங்கள். 1945 மே மாதம் ஆயுள் தண்டனை, பிறகு லண்டனில் மேல்முறையீடு கேட்கும் பிரிவி கவுன்சில், பிறகு 1947 ஏப்ரலில் விடுதலை. "லண்டன் நீதிமன்றம் விடுதலை செய்தது" என்று எழுதியிருந்தால் அந்த எழுத்தாளர் காதில் விழுந்ததை எழுதியவர். பிரிவி கவுன்சில் வழக்கை மறுபடி சென்னை உயர்நீதிமன்றத்துக்கே அனுப்பியது. விடுதலை செய்தது சென்னை உயர்நீதிமன்றம்தான். பாகவதர் பற்றி விந்தன் எழுதிய வாழ்க்கைக் கதை, அவரே தொகுத்த எம்.ஆர். ராதாவின் 'சிறைச்சாலைச் சிந்தனைகள்' இரண்டும் படிக்கக் கிடைத்தால் விடாதீர்கள். ராதாவின் நாக்குக்கு உறை கிடையாது. அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாமல் குரலாக மட்டும் கேளுங்கள்.

பாட்டுப் புத்தகங்களில் குப்பை அதிகம். "தெய்வீகக் குரல்", "காலத்தால் அழியாத" என்ற சொற்களை அள்ளித் தூவி, நடுவே பாட்டு வரிகளை நிரப்பிப் பக்கத்தைக் கூட்டிவிடுவார்கள். வாங்குமுன் கேட்கவேண்டியது: ஒரு பாட்டு எங்கே, யார் யார் வாசிக்க, எப்படிப் பதிவானது என்று ஒரு பக்கமாவது இருக்கிறதா? வாமனன் இந்தச் சோதனையில் தேறுவார். 'திரை இசை அலைகள்' வரிசையில் பெரிய பெயர்களோடு, மறந்துபோன இசையமைப்பாளர்களையும் பாடகர்களையும் தேடிப்பிடித்து எழுதியிருக்கிறார். டி.எம். சௌந்தரராஜன் பற்றி அவர் எழுதிய தனி நூலும் உண்டு. ரஹ்மான் பற்றிப் பல வந்துவிட்டன. நஸ்ரீன் முன்னி கபீரின் பேட்டி நூல் (2011) எனக்குப் பிடித்தது, அவர் பேச்சிலேயே வேலை முறை தெரிகிறது. கிருஷ்ணா திரிலோக்கின் வாழ்க்கை வரலாறு (2018) தகவல் நிறைந்தது. ஆனால் அனுமதி பெற்ற நூல் என்பதால் கரடுமுரடான இடங்கள் வழவழப்பாகியிருக்கின்றன. கண்ணதாசனின் 'வனவாசம்' பாட்டுப் புத்தகமே அல்ல. தன்னையே 'அவன்' என்று அழைத்து எழுதிய அரசியல் வாழ்க்கை. பாட்டுக்கதை தேடி வாங்குகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

மேடைக்குப் பின்னால் இருப்பவர்களைப் பற்றி இரண்டு புத்தகங்கள். கிரெகரி பூத்தின் 'பிஹைண்ட் தி கர்ட்டன்' (2008) மும்பை ஸ்டூடியோ வாத்தியக்காரர்களின் வாய்மொழி வரலாறு. இசையமைப்பாளர் மெட்டு போட்டதும் அதை வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதும் அரேஞ்சர் என்ன செய்கிறார் என்பது இதில்தான் விளங்கும். டி.எம். கிருஷ்ணாவின் மிருதங்கம் செய்பவர்கள் பற்றிய நூல் (2020) தமிழில் 'செபாஸ்டியன் குடும்பக்கலை' என்று வந்திருக்கிறது. ஒரு மிருதங்கத்துக்குப் பசு, எருமை, ஆடு மூன்றின் தோலும் வேண்டும். கோயில் மண்டபத்தில் மிருதங்கம் முழங்கும்போது அந்தத் தோலை உரித்துப் பதப்படுத்திய கைகளை யார் பேசுகிறார்கள் என்பதே நூலின் கேள்வி.

பழைய சாமான் கடையில் தியேட்டர் பாட்டுப் புத்தகம் கண்ணில் பட்டால் விடாதீர்கள். கதைச் சுருக்கம் போட்டு "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடியும் அந்தச் சில தாள்கள்தான் முதல்தரத் தடயம். படம் வெளியாகுமுன் அச்சானதால், வெட்டப்பட்ட பாட்டுகூட அதில் இருக்கும். இசைத்தட்டோடு ஒப்பிடும்போது கவனம் தேவை. 78 வேகத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்றேகால் நிமிடம்தான் பிடிக்கும். தட்டில் இல்லாத சரணம் படத்தில் இருக்கலாம். "முழுப் பாடல் வரிகள்" என்று விற்கும் தொகுப்புகள் பலவும் தட்டைக் கேட்டு எழுதியவை. சரணம் குறைவது அங்கேதான்.

சினிமாவுக்கு தியடோர் பாஸ்கரன்தான் முதல் படி. 'எம் தமிழர் செய்த படம்' தமிழில் எளிது. கூடவே மேசையில் வைத்துக்கொள்ள ஃபிலிம் நியூஸ் ஆனந்தனின் 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு'. படிக்கிற புத்தகம் அல்ல, புரட்டுகிற புத்தகம். மற்றப் புத்தகங்களில் வரும் ஆண்டுகளை இதில் வைத்துச் சரிபார்க்கலாம். சரிபார்க்கத் தொடங்கினால் சண்டைகள் தெரியவரும். முதல் தமிழ் பேசும் படம் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 என்பதில் தகராறு இல்லை. ஊமைப்படமான 'கீசக வதம்' மட்டும் 1916 முதல் 1918 வரை ஆளுக்கொரு ஆண்டு. நம் பக்கத்திலும் பி.எஸ். ராஜ்ஹான்ஸ் சிங்கப்பூரில் எடுத்த மலாய்ப் படம் 'லைலா மஜ்னூன்' சில நூல்களில் 1933, சிலவற்றில் 1934. ஆண்டைச் சொல்லி ஏன் அந்த ஆண்டு என்றும் சொல்லும் நூலே வாங்கத் தகுந்தது.

மலாய்ப் படங்களின் தொடக்க காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்களின் பங்கு நம் வீடுகளில் அதிகம் பேசப்படுவதில்லை. மலாய் நட்சத்திரம் பி. ரம்லிக்கு முதல் கதாநாயக வேடம் கொடுத்த 'பக்தி' (1950) எல். கிருஷ்ணன் இயக்கியது. இந்தக் காலத்தைப் படிக்க யான் ஊடே, இவோன் ங் ஊடே எழுதிய 'லேட்டண்ட் இமேஜஸ்' போதும். மணிரத்னத்தோடு பரத்வாஜ் ரங்கன் நடத்திய உரையாடல் நூல் (2012) படம் படமாகப் போகிறது. படத்தைப் பார்த்துவிட்டு அந்த அத்தியாயத்தைப் படியுங்கள், வரிசையாகப் படித்தால் அலுக்கும். நாவலாக வேண்டுமென்றால் அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்'. ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். தயாரிப்பு நிர்வாகி ஒருவர் விடியற்காலையில் ஆள்களைத் திரட்டிப் படப்பிடிப்புக்குக் கிளப்புவதில் உள்ள பதற்றம், எந்தக் கொலைக்கதைக்கும் குறைந்தது அல்ல.

தமிழ்நாட்டிலிருந்து தருவிப்பவர்கள் எடையைக் கணக்கிட்டு வாங்குங்கள். 200 பக்க டெம்மி அளவுப் புத்தகம் 70 கிராம் தாளில் ஏறக்குறைய கால் கிலோ. 20 புத்தகம் ஏறக்குறைய 5 கிலோ வரும். ஆளுக்கு நாலு புத்தகமென்று ஐந்து பேர் சேர்ந்து ஒரே பார்சலாக எடுத்தால் தலைக்கு விழும் செலவு குறையும். வந்ததும் முதல் வேலை முதுகைப் பார்ப்பது. தேவைக்கேற்ப அச்சிடும் பிரதிகளில் பல பசை மட்டும் வைத்து ஒட்டியவை. நம் வெயிலில் காருக்குள் ஒரு மதியம் கிடந்தால் பசை இளகி, கொலையாளியின் பெயருள்ள பக்கம் தனியாக வந்துவிடும். நூல் தைத்த கட்டு கிடைத்தால் சில வெள்ளி கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

பழைய புத்தகம் வாங்கினால் நேராக அலமாரியில் வைக்காதீர்கள். இராமபாணப் பூச்சி ஒன்று போதும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்கவே கூடாது. உடனே பிரித்தால் குளிர்ந்த தாளில் ஈரம் படிந்து, பூச்சி போன இடத்தில் பூஞ்சை வரும். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். புத்தகங்களை விரல் நுழையாத இறுக்கத்தில் அடுக்கவேண்டாம். மாத நாவல் தாள் எப்படியும் பழுக்கும். அதைத் தடுக்க முடியாது, வெயில் படாமல் வைத்தால் தள்ளிப்போடலாம்.

ரசீதுகளைத் தூக்கிப் போடவேண்டாம். வருமான வரியில் வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 வெள்ளிக் கழிவில் புத்தகமும் சேரும். ரசீதை ஏழு ஆண்டு வைத்திருக்கவேண்டும். அனல் அச்சு ரசீது ஓராண்டிலேயே வெளுத்துவிடும் என்பதால் வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள்.